லேப்ரடார் நாய் வீட்டுக்கு வந்தாச்சா? முதல் நாளில் இருந்து கவனிக்க வேண்டியது என்ன?

திருவரங்குளம்:-

கிராமத்து வீடுகளில் முன்பெல்லாம் நாயை யாரும் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. தானா வரும், மிச்சம் மீதி சோறு தின்னும், திண்ணை ஓரமா படுத்துக்கும். இப்போது நிலைமை மாறிப்போச்சு. புதுக்கோட்டை-ஆலங்குடி சாலையில் விடிந்தும் விடியாத நேரத்தில் பாருங்கள். கையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஓடுவார். முன்னால் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் லேப்ரடார் நாயாகத்தான் இருக்கும்.

குட்டியாக இருக்கும்போது பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தக் குட்டி 8 மாதத்தில் 25 கிலோவை நெருங்கிவிடும். செருப்பைக் கடிக்கும். துவைத்துப் போட்ட சேலையை இழுக்கும். பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தும். அப்புறம் என்ன? "யாராச்சும் நல்லா பாத்துக்குறவங்க இருந்தா சொல்லுங்க" என்று வாட்ஸ்-அப்பில் படம் போடுகிறார்கள். அதற்கும் பொறுமை இல்லாத ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே தைலமரக் காட்டு ஓரம் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த லேப்ரடாருக்கு தெருவில் பிழைக்கத் தெரியாது. தெருநாய்களிடம் கடிபட்டு, இல்லையென்றால் லாரியில் அடிபட்டுச் சாகும்.

அப்படி கைமாறி வரும் நாயை எடுத்து வளர்ப்பவர்களுக்கும், புதிதாக குட்டி வாங்கி வந்தவர்களுக்கும்தான் இந்தச் செய்தி.

காவலுக்கா? இது சரிப்படாது!

லேப்ரடாரை வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்புக்கணக்கு இதுதான். "தோப்புக்கு காவலுக்கு வேணும்" என்று சொல்லி வாங்குகிறார்கள். லேப்ரடார் காவல் நாய் கிடையாது. திருடன் வந்தாலும் வாலை ஆட்டி, பந்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் போடுகிற ரகம். குரைக்கும், அவ்வளவுதான்.

இந்த நாயின் பூர்வீகம் கனடா நாட்டின் நியூபவுண்ட்லேண்ட் தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், தூண்டிலில் இருந்து நழுவிய மீனை தண்ணீரில் குதித்து எடுத்துக்கொண்டு வருவதும், வலையை இழுக்க உதவுவதும்தான் இதன் முன்னோர்களின் வேலை. நம்ம கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இப்படி ஒரு நாய் இருந்திருந்தால் கடலில் கூடவே போயிருக்கும். 1800-களில் இங்கிலாந்துக்காரர்கள் கொண்டுபோய், சுட்ட பறவையை எடுத்து வரப் பழக்கினார்கள். 1903-ம் ஆண்டு இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதை தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கருப்பு, மஞ்சள், சாக்லேட் என 3 நிறம்தான். அமெரிக்காவில் 1991-ல் இருந்து 31 வருடம் தொடர்ந்து முதல் இடத்தில் இருந்த நாய் இது. 2022-ல்தான் பிரெஞ்சு புல்டாக் முந்தியது.

எதையாவது வாயில் கவ்விக்கொண்டே திரிவது இதன் ரத்தத்தில் வந்த பழக்கம். தண்ணீரைக் கண்டால் விழுவதும் அப்படித்தான். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது திமிர் அல்ல, பரம்பரைத் தொழில்.

மனிதனோடு சேர்ந்து வேலை செய்வதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது நம்ம நாட்டு தேசிய பேரிடர் மீட்புப் படை அங்கே போனது. கூடவே போன ஜூலி, ரோமியோ என்ற 2 நாய்கள் இடிபாட்டுக்குள் மோப்பம் பிடித்து, உள்ளே உயிரோடு கிடந்த 6 வயது சிறுமியைக் காட்டிக்கொடுத்தன. இரண்டுமே லேப்ரடார்தான்.

தோப்புக்கு காவல்தான் வேண்டும் என்றால் ராஜபாளையம், கோம்பை என்று நம்ம மண்ணின் நாய்களே இருக்கின்றன. வெயிலும் தாங்கும். லேப்ரடார் என்பது குடும்பத்தோடு, பிள்ளைகளோடு, வீட்டுக்குள்ளே இருக்கிற நாய். தோப்பு மோட்டார் கொட்டகையில் தனியாகக் கட்டிப்போட்டால் அது கத்திக் கத்தியே வீணாகிப்போகும்.

வாங்கும்போதே கேளுங்க

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஆனால் கண் திறந்து பத்து நாள் ஆன குட்டியைக்கூட பையில் போட்டு விற்கிறார்கள். தாய்ப்பாலும், தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்றுக்கொள்ளும் பழக்கமும் இல்லாமல் வரும் குட்டி சீக்கு பிடித்துச் சாகும். பிழைத்தாலும் கடிக்கும் குணம் அதிகமாக இருக்கும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்தணும் என்று குட்டிகள் தங்களுக்குள் விளையாடித்தான் கற்றுக்கொள்கின்றன.

வளர்ந்த நாயை யாரிடமாவது வாங்கி வருகிறீர்கள் என்றால், மூன்று விஷயத்தைக் கேட்காமல் வராதீர்கள். தடுப்பூசி போட்ட அட்டை எங்கே? என்ன சாப்பாடு போட்டீர்கள், எத்தனை வேளை? என்ன வார்த்தை சொல்லிப் பழக்கினீர்கள்? திருச்சியிலோ சென்னையிலோ வளர்ந்த நாய் என்றால் 'சிட்', 'நோ' என்றுதான் பழகியிருக்கும். நீங்கள் 'உக்காரு' என்று நாள் பூரா கத்தினாலும் முழிக்கும். அதற்கு பாஷை தெரியாது, சத்தம்தான் தெரியும். பழைய வார்த்தையையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மாற்றணும் என்றால் புது வார்த்தையை முதலில் சொல்லி, உடனே பழைய வார்த்தையையும் சொல்லி கொஞ்ச நாள் பழக்கினால் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டையும் முதல் நாளே மாற்றக்கூடாது. வயிற்றுப்போக்கு வரும். பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும்.

முதல் 3 நாள்... 3 வாரம்... 3 மாதம்

நாய்களை எடுத்து வளர்க்கிறவர்கள் இப்படி ஒரு கணக்கு சொல்வார்கள். புது வீட்டில் முதல் 3 நாள் பயத்திலேயே இருக்கும். சரியாகத் தின்னாது, மூலையில் போய்ப் படுக்கும். 3 வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும். இது நம்ம வீடு என்ற எண்ணம் வர 3 மாதம் ஆகும். எல்லா நாய்க்கும் அச்சடித்த மாதிரி இது பொருந்தாது. ஆனால் நாய் வந்த மறுநாளே தெருவில் உள்ள பிள்ளைகளை எல்லாம் கூட்டி வந்து தடவ விடுகிறார்களே, அதைத் தவிர்க்க இந்தக் கணக்கு உதவும்.

நாய்க்கு என்று ஒரு மூலையைக் கொடுங்கள். பழைய கோணிச்சாக்கு போதும். அங்கே அது படுத்திருந்தால் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது.

குட்டி என்றால் முதல் சில ராத்திரி அழும். தாயை விட்டு வந்தது, அழாமல் என்ன செய்யும்? வாசலில் கட்டிப்போட்டு விட்டு கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் விடுங்கள். கை எட்டுகிற தூரத்தில் மனுஷ வாசம் இருந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

வீட்டுக்குள் அசிங்கம் செய்கிறதே என்ற புகார்தான் அதிகம். குட்டியால் அடக்க முடியாது. 2 மாதக் குட்டி 3 மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்கு கூட்டிப் போங்கள். அங்கே போனதும் உடனே பாராட்டி, சின்னத் துண்டு ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. "இவங்க முன்னாடி போனா அடிப்பாங்க" என்று மட்டும்தான் அது புரிந்துகொள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும்.

ஊசி விஷயத்தில் விளையாடக்கூடாது

இதுதான் முக்கியம். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது பார்வோ என்ற வைரஸ் நோய். வாந்தி, ரத்தத்தோடு நாற்றம் அடிக்கும் வயிற்றுப்போக்கு, சோறு தண்ணீர் தொடாமல் சுருண்டு படுப்பது. இதெல்லாம் அறிகுறி. இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். "மாதுளை ஓடு அரைச்சுக் குடுத்துப் பார்ப்போம்" என்று ஒரு நாளை வீணாக்காதீர்கள். உடனே குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும். இதற்கும், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கும் சேர்த்து கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. அதன்பின் 3-4 வார இடைவெளியில், 16 வாரம் வரை டாக்டர் சொல்கிறபடி. இந்த ஊசிகள் முடிகிற வரை குட்டியை தெருவில், மற்ற நாய் போகிற இடத்தில் இறக்கி விடக்கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டலாம், தப்பில்லை. காட்டவும் வேண்டும். பஸ் சத்தம், மாடு, குடை பிடித்த ஆள், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் 3-4 மாதத்துக்குள் பார்த்துப் பழகிய நாய் பிற்காலத்தில் பயந்து கடிக்காது.

குடற்புழு மாத்திரையும் உண்டு. 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு தடவை, 6 மாதம் வரை மாதம் ஒரு தடவை, பிறகு 3 மாதத்துக்கு ஒரு தடவை. எடை பார்த்துத்தான் அளவு.

அடுத்தது வெறிநோய் ஊசி. 3 மாதம் ஆனதும் முதல் ஊசி, அப்புறம் ஊக்க ஊசி, பிறகு வருடம் தவறாமல். "வீட்டு நாய்தானே, வெளியவே போகாது" என்று சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. வேலி தாண்டி ஒரு வெறிநாய் வந்து கடித்துவிட்டுப் போக அரை நிமிஷம் போதும்.

உலகத்தில் மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலமாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறிநோய் சந்தேகம் உள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சொந்த நாயோ, தெரு நாயோ, பல் பட்டுவிட்டால் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. கட்டும் போடக்கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரி. 0, 3, 7, 28 என நாள் கணக்கு வைத்து கையில் ஊசி போடுவார்கள். கடித்த அன்றுதான் 0 என்று நினைக்காதீர்கள், முதல் ஊசி போடும் நாள்தான் 0. ரத்தம் வருகிற காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடணும். அதைக் கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்பதெல்லாம் பழைய கதை. அந்தப் பயத்தில் பிள்ளைகள் நாய் கடித்ததையே வீட்டில் சொல்லாமல் மறைத்து விடுகிறார்கள். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். 28-ம் நாள் ஊசியை "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கூடாது.

ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அந்த நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய் தடுப்பூசி போடுவது வழக்கம். கையில் காசு இல்லை என்று ஊசியைத் தள்ளிப்போட அவசியமே இல்லை.

பசிக்குது பசிக்குது என்று பார்க்கும்... ஏமாறாதீங்க!

லேப்ரடார் வைத்திருக்கிற வீடுகளில் ஒரு காட்சி சகஜம். நாய் தட்டைக் காலி செய்த மறுநிமிஷமே வந்து, பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்காரும். அம்மா மனசு இளகி ஒரு தோசையைப் போடுவார். அப்பா வந்து பிஸ்கட் போடுவார். பாட்டி தன் பங்குக்கு. கடைசியில் நாய் டிரம் மாதிரி ஆகிவிடும்.

இது நடிப்பு இல்லை, உண்மையிலேயே பசிக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நாலு லேப்ரடாரில் ஏறக்குறைய ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் வேலையை அந்த மரபணு சரியாகச் செய்யாது. 2024-ல் வந்த அடுத்த ஆராய்ச்சியில், இந்தக் கோளாறு உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது மற்ற நாய்களைவிட 25 சதவீதம் குறைவாகத்தான் சக்தியைச் செலவழிக்கின்றன என்றும் தெரிந்தது. அதிகப் பசி, குறைந்த செலவு. உடம்பு ஏறாமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை குட்டியில் இருந்து சாகும்வரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. பாதி நாய்களுக்கு வழக்கமான சாப்பாடு. மீதி பாதிக்கு அதைவிட 25 சதவீதம் குறைவு. குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் தள்ளித்தான் வந்தது. பாசத்தில் அள்ளிப் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்கணும்.

வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோ, பெண் நாய் 25 முதல் 32 கிலோ. தராசு இல்லாவிட்டாலும் கவலை இல்லை. விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. மேலே இருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்கணும்.

பாக்கெட் தீனிதான் போடணும் என்று கட்டாயம் இல்லை. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அது கட்டுப்படியும் ஆகாது. சோறு, வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை, கேரட், பூசணி, பீன்ஸ் போதும். உப்பு, மிளகாய், மசாலா வேண்டாம். ஆனால் வெறும் பால்சோறு, ரசம் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் குட்டியின் கால் வளைந்துவிடும். கறியோ முட்டையோ வேண்டும். வீட்டுச் சாப்பாடு மட்டும் போடுகிற குட்டிக்கு என்ன சத்து சேர்க்கணும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நாமாக கால்சியம் மருந்தை அள்ளி ஊற்றக்கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்கு கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும். குட்டிக்கு 3-4 வேளை, ஒரு வயதுக்கு மேல் 2 வேளை.

கல்யாண வீட்டு பிரியாணி எலும்பை மூட்டை கட்டி வந்து போடுவது நம்ம ஊரில் ஒரு மரியாதை மாதிரி. வேகவைத்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ் இவையும் விஷம்தான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்துக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை வாசனைக்குத் தின்றுவிட்டு நாய் சாகும். மூட்டையை உயரத்தில் வையுங்கள்.

புதுக்கோட்டை வெயிலும் கனடா நாயும்

லேப்ரடாருக்கு ரெட்டை ரோமம். குளிர்ந்த கடல் தண்ணீரில் குதிக்கப் பிறந்த உடம்பு அது. சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கிற வெயிலில் மனுஷனே சுருண்டு போகிறான். நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும்.

காலையில் 7 மணிக்குள், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கக் கூட்டிப் போகணும். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதமும் கொப்புளித்துப் போகும். தகரக் கொட்டகைக்கு அடியில் மதியம் கட்டவே கூடாது. வேப்பமரத்து நிழல், ஈரச்சாக்கு, மண் தொட்டியில் தண்ணீர். 30 கிலோ நாய்க்கு சாதாரண நாளில் ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் வேணும். கோடையில் இன்னும் கூட. வெயிலுக்கு என்று மொட்டை அடித்து விடுகிறார்கள். வேண்டாம். அந்த ரோமம் வெயிலில் இருந்தும் தோலைக் காக்கிறது. வாரம் சில நாள் சீப்பு போட்டு உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும்.

மூச்சு இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு செக்கச்சிவந்து, நாய் தள்ளாடினால் அது வெயில் அடி. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் சாதாரண தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். ஐஸ் கட்டியில் முக்கி எடுக்காதீர்கள். வலுக்கட்டாயமாக வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

குளம் குட்டை கண்டால் குதிக்கும். குளித்துவிட்டு வந்ததும் காதுக்குள் துணியால் துடைக்க மறக்காதீர்கள். தொங்கும் காது என்பதால் ஈரம் தங்கி சீழ் பிடிக்கும். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால், காதில் நாற்றம் வந்தால் டாக்டரிடம் காட்டணும்.

ஆடு மாடு கட்டுகிற வீடு என்றால் உண்ணித் தொல்லை நிச்சயம். உண்ணி ரத்தத்தை உறிஞ்சுவது மட்டும் இல்லை, காய்ச்சலையும் பரப்பும். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலந்து நாய் மேல் ஊற்றிவிடுகிறார்கள். அளவு தவறினால், நாய் அதை நக்கினால், வலிப்பு வந்து விழும். நாய்க்கென்று உள்ள மருந்தை எடைக்குத் தக்கபடி வாங்குங்கள்.

முந்திரிக்காடு பக்கம் வீடு உள்ளவர்கள் பாம்பையும் கவனிக்கணும். லேப்ரடாருக்கு எதைப் பார்த்தாலும் மூக்கை நீட்டி முகரணும். அதனால் கடி பெரும்பாலும் மூஞ்சியில், முன்னங்காலில் விழும். திடீரென்று மூஞ்சி வீங்கினால் வேப்பிலை தேடிப் போகாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து நாய்க்கும் உண்டு.

காளையைப் பழக்கத் தெரிந்தவர்களுக்கு நாய் எம்மாத்திரம்!

பல வருடமாக ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடக்கிற மாவட்டம் இது. அவ்வளவு பெரிய காளையை வீட்டுப் பொம்பளைப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கிறது. அடித்தா பழக்கினார்கள்? கையால் தீனி கொடுத்து, தடவி, தினமும் நடக்க வைத்து, நீச்சல் விட்டுப் பழக்கியதுதான். அதே சூத்திரம்தான் நாய்க்கும்.

சரியாகச் செய்த அந்த விநாடியே பரிசு. ஒரு நிமிஷம் தள்ளிக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்றே அதற்குத் தெரியாது. வேகவைத்த கோழித்துண்டை கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். லேப்ரடாருக்கு தின்கிற ஆசை அதிகம் என்பதால் பழக்குவது சுலபம். அந்தத் துண்டுகளையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழித்துவிடணும்.

துண்டை மூக்குக்கு நேரே காட்டி மெதுவாக தலைக்கு மேலே கொண்டு போங்கள். தலை மேலே போகும், பின்பக்கம் தானாகக் கீழே உட்காரும். உட்கார்ந்ததும் 'உக்காரு' என்று சொல்லி வாயில் போடுங்கள். இரண்டு நாளில் கை அசைவுக்கே உட்காரும். ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளைக்கு 3 தடவை. அதற்கு மேல் இழுத்தால் சலித்துப் போகும்.

வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தை பேசணும். அப்பா 'உக்காரு', அக்கா 'சிட்', தாத்தா 'ஒக்காரு கழுதை' என்றால் நாய் யார் சொல்வதைக் கேட்கும்?

'வா' என்ற வார்த்தையை திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தவே கூடாது. ரோட்டில் நாய் கயிறு அறுத்து ஓடும்போது உயிரைக் காப்பாற்றப்போகிற வார்த்தை அது. 'வா' என்று கூப்பிட்டு, வந்ததும் முதுகில் ஒன்று வைத்தால், அடுத்த தடவை எதிர்ப்பக்கம்தான் ஓடும். எவ்வளவு லேட்டாக வந்தாலும் வந்ததற்கு ஒரு துண்டு உண்டு.

இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? இழுக்கும்போது நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் நாலு வீடு தாண்ட அரை மணி ஆகும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்தால் பக்கத்தில் நடக்கும். குட்டியை ரொம்ப தூரம் நடத்தக்கூடாது, எலும்பு இளசு. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் 2 மணி நேரம் நடை, ஓட்டம், பந்து என்று வேலை கொடுத்தே ஆகணும். வேலை இல்லாத லேப்ரடார்தான் மெத்தையைக் கிழிக்கும்.

4 முதல் 6 மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு ஊறலில் எதையாவது கடித்தே தீரும். பழைய துணியை முடிச்சுப் போட்டு நனைத்துக் குளிர வைத்துக் கொடுங்கள். வாயில் செருப்பு இருந்தால் துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு. ஒரு துண்டைக் காட்டி 'விடு' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. சாப்பிடும்போது, தூங்கும்போது தொடாதே. மேலே ஏறி உட்காராதே. கழுத்தைக் கட்டி முகத்தில் முகம் வைக்காதே. லேப்ரடார் சாதுதான். ஆனால் காது வலியில் இருக்கிற நாயின் காதைப் பிடித்து இழுத்தால் சாதுவும் கடிக்கும். சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

தீபாவளி, திருவிழா வேட்டுக்கு நாய் மிரளும். அன்றைக்கு வெளியே கட்டாமல் உள் அறையில் விட்டு, டி.வி.யைச் சத்தமாக வைத்துவிடுங்கள். மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி வழி தெரியாமல் போகிற நாய்கள் அதிகம். கழுத்துப் பட்டையில் போன் நம்பரை எழுதி வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

நாயை எந்நேரமும் கட்டியே போட்டு, நடக்கவே விடாமல் வைத்திருப்பது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் குற்றம்தான். ஆனால் முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான். இந்தக் காலத்தில் 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? சட்டத்தில் இருந்தும் இல்லாத மாதிரி.

அடுத்தவருக்கு ஆபத்து வரும்படி நாயை அஜாக்கிரதையாக விடுவது வேறு கதை. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கடித்ததில் ஆரம்பிக்கும் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போவது நம்ம பக்கம் புதுசு இல்லை. எனவே வெளியே கூட்டிப் போகும்போது கயிறு கையில் இருக்கட்டும்.

குட்டி போட வைத்து காசு பார்க்கலாம் என்ற எண்ணம் இல்லாதவர்கள் கருத்தடை செய்துவிடலாம். லேப்ரடார் மாதிரி பெரிய நாய்க்கு 6 மாதத்துக்கு முன்பே செய்தால் பிற்காலத்தில் மூட்டுக் கோளாறு கூடும் என்பதால், ஒரு வயது ஆகட்டும் என்று டாக்டர்கள் சொல்வது உண்டு. எப்போது என்பதை நாயைப் பார்த்து அவர்களே சொல்லட்டும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு பலவீனம் பரம்பரையாகவே வரும். வழுக்கும் டைல்ஸ் தரை உள்ள வீட்டில் படுக்கிற, ஓடுகிற இடத்தில் சாக்கு விரித்து வையுங்கள்.

திருவரங்குளம் சுற்று வட்டாரத்தில் உள்ளவர்கள் ஊசி, மாத்திரைக்கு அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சைக்கு தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். வாந்தி, பேதி என்றால் கடைசியாக என்ன தின்றது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.